நாங்கள் தைக்காத கை

கடலுக்கு அப்பால் இருக்கிற அந்தப் பெரிய நாடு, நம் பக்கமிருந்து வரும் துணிக்கெல்லாம் விலையில் பாதியை இறக்குமதி வரியாக விதித்த புதன்கிழமை காலையில், நொய்யல் கரைப் பனியன் ஊரில், அந்த நாட்டுக்கு அனுப்புவதற்காகத் தைத்து, தேய்த்து, மடித்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்த முழுக்கை டீ-சர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் மூன்றாவதாக ஒரு கை முளைத்திருந்தது.

கழுத்துப் பட்டைக்கு ஒரு சாண் கீழே, முதுகின் நடுவில் அது இருந்தது. மற்ற இரண்டு கைகளின் அதே நீளம், அதே அகலம், அதே சாயம். மணிக்கட்டுப் பக்கம் அதே இரண்டு விரல் மடிப்பு.

சென்னியப்பன் கம்பெனியில் அதை முதலில் பார்த்தவள் செக்கிங் மேஜையில் இருந்த ரம்யா. நாற்பது மெஷின் மட்டுமே உள்ள அந்தச் சின்னக் கம்பெனியில் டீ-சர்ட்டுகளுக்குக் கை வைப்பது துளசிமணியின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, இடது கை, வலது கை, இடது கை, வலது கை என்று வைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பவள். ஆகவே பழி முதலில் அவள் மேல்தான் விழுந்தது.

"துளசியக்கா! கணக்கு மறந்து போச்சா? மனுசனுக்கு எத்தன கைன்னு வூட்டுல கேட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

துளசிமணி எழுந்து வந்தாள். டீ-சர்ட்டை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, மூன்றாவது கை முதுகோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கே நூல் இல்லை. ஊசி போன தடம் இல்லை. கத்தரிக்காயில் காம்பு இருப்பதுபோல அது பாட்டுக்கு இருந்தது.

"இது நான் வெச்ச கை இல்ல. தையல் எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்" என்றாள்.

ரம்யாவால் காட்ட முடியவில்லை. ஊரில் யாராலும் காட்ட முடியவில்லை.

கத்தரியால் வெட்டிப் பார்த்தார்கள். வெட்டிய கை தரையைத் தொடுவதற்குள் பஞ்சாகிப் பறந்தது. அடுத்த துணியை எடுத்து நிமிர்வதற்குள் வெட்டிய இடத்தில் புதிய கை வந்திருந்தது. கட்டிங் மாஸ்டர் வாகித் பாய் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். அவர் ஒரு பெட்டியை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த பெரிய நாட்டின் பெயரைக் கிழித்துவிட்டு, துபாய் என்று எழுதி ஒட்டினார். பெட்டியைத் திறந்தால் உள்ளே அத்தனைக்கும் இரண்டே கை. துபாயைக் கிழித்துவிட்டு மறுபடியும் பெரிய நாட்டின் பெயரை ஒட்டினார். மூன்று கை. ஏழு தடவை இப்படிச் செய்து பார்த்துவிட்டு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு கை முழு வெல. அதுல பாதி வரி. ரெண்டுல பாதி ஒண்ணு. அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றார்.

இதை நாமும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கிழக்கே இருந்த இன்னொரு நாட்டுக்கு, பெரிய நாடு விலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே வரி போட்டிருந்தது. அங்கே தைத்த டீ-சர்ட்டுகளில் மூன்றாவது கை முழங்கைக்குக் கூட வராமல் அரைக்கைக்கும் குறைவாக நின்றுவிட்டதாம். வரி எவ்வளவோ அவ்வளவு கை. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

பத்து நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. அயர்ன் மாஸ்டர்கள் மூன்றாவது கையை முதுகோடு மடித்து, உள்ளே செருகி, மேலே ஆவியடித்து, வெளியே தெரியாமல் தேய்க்கக் கற்றுக்கொண்டார்கள். எதையும் பிசிறு தெரியாமல் அனுப்பிப் பழகிய கைகள், எங்கிருந்தோ வந்த இதையும் பிசிறு தெரியாமல் மறைத்தன. செக்கிங் பெண்கள் 'மூணு கை ஓகே' என்று சீட்டு எழுதினார்கள். அட்டைப்பெட்டி செய்கிறவர்கள் பெட்டியை நான்கு விரல் உயரமாக்கி, ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்கள். டீக்கடையில் மூன்றாவது கை எதற்கு ஆகும் என்று பேச்சு நடந்தது. ஒருவர் முதுகு சொறிய என்றார், இன்னொருவர் ஓட்டுப் போட என்றார், டீ மாஸ்டர் மட்டும் "பின்னால இருந்து பாக்கெட்டுல வுட" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். ஒரு கை எப்படி முளைத்தது என்று யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த ஊரில் எல்லோரும் துணிக்காரர்கள். அவர்களுக்குத் தோன்றிய கேள்வி வேறு.

இதற்குத் துணி எங்கிருந்து வருகிறது?

அதற்கான பதில் சென்னியப்பன் மேல் வந்தது. பெட்டியில் கிடக்கும் சரக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் விலையைக் குறைத்தாக வேண்டும் என்று பெரிய நாட்டில் சரக்கு வாங்குகிற பையர் தொலைபேசியில் சொன்னார். சென்னியப்பன் முற்றத்தில் நடந்துகொண்டே பேசிப் பேசி, கடைசியில் "சரிங்" என்றார். அவர் அப்படிச் சொன்ன அந்த நொடியில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் வலது கை இல்லாமல் போனது. கிழியவில்லை, அவிழவில்லை, தோளோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனால் பீரோவில் இருந்த சட்டைகளுக்கும் அப்படியே. கல்யாணப் பட்டுச் சட்டைக்குக்கூட ஒரு கைதான்.

பெரிய நாட்டில் ஒரு கடை விலையைக் குறைக்கச் சொல்லாமல் வரியைச் சேர்த்து விற்றது. அங்கே டீ-சர்ட் வாங்கியவர்களின் வீட்டுக் கோட்டுகளில் ஒரு கை காணாமல் போனது என்று சேதி வந்தது. ஆக, ஊர் கணக்கைப் புரிந்துகொண்டது. மூன்றாவது கைக்கு ஒரு இழைத் துணிகூட சும்மா வருவதில்லை. விலையைக் குறைத்தால் இங்கே ஒருவர் கை போகும். விலையை ஏற்றினால் அங்கே ஒருவர் கை போகும். யார் கை என்பதுதான் பேச்சு.

இன்னொன்றும் சொன்னார்கள். பெரிய நாட்டிலேயே டீ-சர்ட் தைக்கும் மில்காரர் ஒருவர் இருந்தாராம். அவர் டீ-சர்ட்டுக்கு வரி இல்லை, இரண்டே கைதான். ஆனால் பக்கத்தில் தொங்கும் மூன்று கை டீ-சர்ட்டின் விலை ஏறியதைப் பார்த்துவிட்டு, அவரும் தன் விலையைக் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏற்றிவிட்டாராம். அதை வாங்கியவர்களுக்கும் வீட்டில் கோட்டுக்கை குறைந்தது; மில்காரரின் கோட்டில் மட்டும் இப்போது நான்கு கை இருக்கிறதாம்.

இரண்டாம் மாதம் பையிங் ஆபீஸிலிருந்து பிரகதீஷ் வந்தான். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடி ஆர்டர் முடித்துத் தருகிற மெர்ச்சன்டைசர் அவன். நல்ல பையன், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நல்ல பையனாக இருக்க வேண்டிய வேலை.

"குளிர்கால ஆர்டருங்ணா. நாப்பதாயிரம் பீஸ். ஆனா வரி முச்சூடும் நீங்களே தாங்கிக்கணும்னு பையர் சொல்றாருங். இல்லீன்னா கெழக்க குடுத்துருவேங்கறார்."

சென்னியப்பன் தன் வெறும் தோளைப் பார்த்தார். "எனக்கு இன்னும் ஒரு கைதான் பாக்கி. நாப்பதாயிரத்துக்கு நான் எங்க போறது?"

எங்கே போவது என்று எல்லோருக்கும் தெரியும். தெருக்கோடியில் இருந்த பெரிய கம்பெனி போன வாரம் அங்கேதான் போனது. அது தன் டெய்லர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று தருகிற பீஸ் ரேட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. அன்று சாயங்காலமே அந்தப் பெண்களின் ரவிக்கைகளில் கை இல்லை, கொடியில் காய்ந்த புருஷன் சட்டையில் கை இல்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிஃபார்மில் கை இல்லை. மறுநாள் காலை வணக்கத்தில் அந்தப் பிள்ளைகள் தனி வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. யூனிஃபார்ம் என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்பது விதி, அவ்வளவுதான்.

துளசிமணியின் மகள் கௌசிகா அதே பள்ளியில் பன்னிரண்டாவது படித்தாள். காலாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். யூனிஃபார்ம் முழுதாக இல்லாதவர்கள் ஆய்வகத்துக்குள் வர முடியாது என்று பலகையில் எழுதியாகிவிட்டது. ரேட்டைக் குறைத்தால் மகள் வெளியே நிற்பாள். குறைக்காவிட்டால் கம்பெனி மூடும், மகளை மேலே படிக்கவைப்பது நடக்காது. இரண்டுக்கும் நடுவே துளசிமணியின் மெஷின் இருந்தது.

சென்னியப்பன் கம்பெனியில் ரேட் பேசுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாகித் பாய் ஒரே ஒரு சேம்பிளை வெட்டிக் கொடுப்பார். தோளும் கழுத்தும் விலாவும் தைத்து அது வரிசையாக வரும். கடைசியில் கை வைக்கிறவள் கையில் வரும். ரேட் சம்மதம் என்றால் அவள் இரண்டு கையையும் வைத்து முதலாளியிடம் கொடுப்பாள். சம்மதம் இல்லை என்றால் கை வைக்காமல் திருப்பித் தருவாள். வாயால் பேச வேண்டியதில்லை, சண்டையும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் துளசிமணி மூன்றே தடவைதான் கையில்லாமல் திருப்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தூக்குகளைக் கழுவி வைத்த பிறகு, குறைத்த ரேட்டுக்கான சேம்பிள் புறப்பட்டது. சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பிரகதீஷ் ஓரமாக நின்றான். மெஷின்கள் எல்லாம் அணைந்திருந்தன. ஒரு மெஷின் மட்டும் ஓடியது, அது நின்றதும் அடுத்தது ஓடியது, அது நின்றதும் அடுத்தது. இப்படி ஊதா நிறச் சேம்பிள் ஒவ்வொரு மடியாக நகர்ந்து துளசிமணியிடம் வந்தது. வெட்டி வைத்த இரண்டு கைகளும் அவள் பக்கத்தில் இருந்தன. பெரிய நாட்டின் பெயர் எழுதிய சீட்டு விலாவில் குத்தியிருந்ததால், பக்கத்தில் இருந்த இரண்டு கைகளையும் நம்பி, மூன்றாவது கை அவள் மடியில் ஏற்கெனவே நீண்டு கிடந்தது.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இடது கையையும் வலது கையையும் மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, சேம்பிளைக் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தாள்.

"ஏனம்மிணி" என்றார் சென்னியப்பன். "நான் மூடிட்டுப் போயிருவேன். நீங்கெல்லாம் என்ன பண்ணுவீங்? ஒரு வாட்டி தாங்கிக்கலாமில்ல?"

"ஒரு வாட்டி தாங்குனா அது பழகிக்கும்ங்க" என்றாள் துளசிமணி. "என்ற மெஷினு இருபத்திரண்டு வருசமா ரெண்டு கைதான் வெச்சிருக்குது. மூணாவது கை நான் வெச்சதில்ல. நான் வெக்காத கைக்கு என்ற புள்ள சட்டையில இருந்து துணி குடுக்கமாட்டேன். வெச்சவங்க குடுக்கட்டும்."

"அது அவங்களுக்குத் தெரியோணுமில்ல, அக்கா" என்றான் பிரகதீஷ் மெதுவாக. "அவங்க நாடு. அவங்க சட்டம்."

"அவங்க சட்டம், செரி. எங்க துணி எதுக்கு?"

அப்போதுதான் ரம்யா கத்தினாள். "அக்கா, அதைப் பாருங்க!"

மேஜை மேல் கிடந்த கையில்லாத சேம்பிளில் மூன்றாவது கை சுருங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு முழங்கைக்கு வந்தது, முழங்கை தோளுக்கு வந்தது, தோள் ஒரு பொத்தான் அளவாயிற்று, பிறகு வெறும் முதுகுதான் இருந்தது. பெரிய நாட்டின் பெயர் எழுதிய சீட்டு விலாவில் அப்படியே இருந்தது.

வாகித் பாய் குனிந்து டேப்பை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"ரெண்டுல பாதி ஒண்ணு" என்றார். "ஒண்ணுமில்லாததுல பாதி? ஒண்ணுமில்ல. நாம கை வெப்போமுன்னு நம்பித்தான் அது நீளுது. நாம வெக்கலீன்னா அதுக்கு ஏது கை?"

இரண்டு மாதமாக ஊர் முழுவதும் மூன்றாவது கையை வெட்டிப் பார்த்தது, மடித்துப் பார்த்தது, ஆவியடித்து மறைத்துப் பார்த்தது. மற்ற இரண்டையும் வைக்காமல் யாரும் பார்க்கவில்லை. நாற்பது பெண்களும் மேஜையைச் சுற்றி வந்து, ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டி, அந்த வெறும் முதுகைப் பார்த்தார்கள்.

"இதைக் கொண்டுபோய் உன்ற பையர்கிட்டக் காட்டு சாமி" என்றாள் துளசிமணி. "பழைய ரேட்டுன்னா ரெண்டு கை வரும், மூணாவதும் வரும், அதுக்கு அவங்க துணி போட்டுக்கட்டும். இல்லீன்னா இப்படித்தான் வரும். இதுக்கு வரியே இல்ல, சந்தோசமா எடுத்துக்கச் சொல்லு."

பிரகதீஷ் கையில்லாத அந்தச் சேம்பிளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான். சென்னியப்பன் தடுக்கவில்லை. எழுந்து நின்று, சட்டைக்கை இல்லாத தோளை ஒரு முறை தடவிக்கொண்டு, "நானும் பழைய வெலதான்னு சொல்லு. ஒரு தடவ சரிங்னு சொன்னதுக்கே கை போச்சு" என்றார்.

ஐந்து நாள் பதில் வரவில்லை. கம்பெனியில் துபாய்க்கான கொஞ்சம் வேலை ஓடியது; அதுவும் மூன்றாம் நாள் தீர்ந்தது. தெருக்கோடிப் பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து, டெய்லர் வேண்டும், கை போனாலும் பரவாயில்லை என்றால் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். கௌசிகா யூனிஃபார்மைத் துவைத்து, கொடியில் போட்டு, கை இரண்டும் இருக்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்தாள். "அம்மா, பரீட்சை முடியற வரைக்கும் மட்டும் புடிச்சு நில்லுங்க" என்றாள். "அதுக்கப்புறமும்தான் நிப்பேன்" என்றாள் துளசிமணி.

ஆறாம் நாள் பதில் வந்தது. நாற்பதாயிரம் இல்லை. பதினாலாயிரம். பழைய விலை. கிழக்கே கேட்டுப் பார்த்தார்களாம். எல்லோரும் அங்கேயே ஓடியதால் அங்கே மெஷின் காலியில்லை, காலியாக இருந்த மெஷினுக்கு விலை ஏறிவிட்டது. குளிர் வந்துகொண்டிருந்தது. மீதி இருபத்தாறாயிரம் பீஸை அந்தக் கடையே கைவிட்டது, ஏனென்றால் ஏறிய விலைக்கு அத்தனை பேர் வாங்கமாட்டார்கள் என்று அதற்கும் தெரியும். அந்த இருபத்தாறாயிரத்தை யாரும் தைக்கவில்லை, யாரும் போடவில்லை. வரி அதில் ஒரு காசும் எடுக்கவில்லை. அது யாருக்கும் இல்லாமல் போனது.

பதினாலாயிரத்துக்குப் பதினாலு மெஷின் போதும். யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று சென்னியப்பன் கேட்கவே இல்லை, கேட்பதற்குள் பெண்கள் பேசி முடித்திருந்தார்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி வராத வாரங்களில் செய்வதுபோல நாற்பது பேரும் பங்கு போட்டு, ஆளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று முறை வைத்துத் தைப்பது; மற்ற நாளில் உள்ளூர்ப் பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் பிடித்துத் தைப்பது. அடுப்பில் ஒரு வேளை குறைந்தது. எல்லோர் வீட்டிலும் குறைந்தது. கை மட்டும் யாருக்கும் குறையவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் துளசிமணி விட்டுக்கொடுக்கவில்லை. அயர்ன் மாஸ்டர் வழக்கப்படி மூன்றாவது கையை உள்ளே மடிக்கப் போனபோது அவள் போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப்பிடித்தாள்.

"அதை எதுக்கு மறைக்கறீங்? நாம என்ன திருடுனதா?"

"பிசிறாத் தெரியுமே அம்மிணி. எக்ஸ்போர்ட் பீஸு."

"தெரியட்டும்."

அப்படியே வெளியே தொங்கும்படி அனுப்பினார்கள். துவைக்கும் முறை எழுதிய லேபிள் ஒவ்வொரு டீ-சர்ட்டிலும் வைத்தே ஆக வேண்டும். அதோடு இன்னொரு சின்ன லேபிளையும் அச்சடித்து, மூன்றாவது கையின் மணிக்கட்டில் வைத்துத் தைத்தார்கள். 'இந்தக் கையை நாங்கள் தைக்கவில்லை' என்று அதில் இருந்தது. தமிழில் மட்டும் போட்டால் தொந்தரவில்லை, பையருக்குப் படிக்கத் தெரியாது என்று பிரகதீஷ் சொல்லிப் பார்த்தான். "நமக்குள்ள சொல்லிக்கறதுக்கா தைக்கறோம்? அவங்க பாசையிலயும் போடு" என்றாள் துளசிமணி. அவனே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தான்; தன் வேலை போகலாம் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுத்தான்.

கௌசிகா இரண்டு கையோடு வேதியியல் ஆய்வகத்துக்குள் போய், கொடுத்த உப்பு எதுவென்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு வந்தாள்.

மார்கழி மாதம் ஒருநாள் காலை டீ வேளையில் பிரகதீஷ் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் வேலை இன்னும் இருந்தது. போனில் பெரிய நாட்டின் ஒரு தெரு தெரிந்தது. அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. கடைக்கு முன்னால், ஒரு கைக் கோட்டும் அதன் மேல் ஊதா நிறத்தில் மூன்று கை டீ-சர்ட்டும் போட்ட கிழவி ஒருத்தி, மூன்றாவது கையை உள்பக்கம் திருப்பி, தையலைத் தேடிக்கொண்டிருந்தாள். தையல் இல்லை. லேபிள் இருந்தது. அவள் படித்தாள், பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினாள், அவன் தன் மூன்றாவது கையைத் தேடினான். அடுத்த படத்தில் அவர்கள் ஏழெட்டுப் பேர், அதற்கடுத்ததில் நூறு பேர், அதற்கடுத்ததில் தெரு நிறைய ஆட்கள், ஆளுக்கு ஒரு தோள் பனியில் நனைய, வரி எழுதப்படும் பெரிய கட்டடத்துக்கு முன்னால் போய், அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். காற்று அடித்தது. முதுகில் தொங்கிய காலிக் கைகள் அத்தனையும் எழும்பி, பறந்து, அந்தக் கட்டடத்தின் கதவையே சுட்டிக் காட்டின.

"வரியை எடுத்துட்டாங்ளா?" என்று ரம்யா கேட்டாள்.

"இன்னும் இல்லீங்" என்றான் பிரகதீஷ்.

சென்னியப்பன் போனை வாங்கி மறுபடியும் பார்த்தார். அவர் அன்றும் ஒரு கைச் சட்டைதான் போட்டிருந்தார். யூனிஃபார்ம் துணியில் மிச்சம் இருக்கிறது, ஒரு கை வைத்துத் தருகிறேன் என்று துளசிமணி பல தடவை கேட்டும் அவர் வேண்டாமென்றுவிட்டார். கேட்கிறவர்களுக்குச் சொல்லிக் காட்ட ஒரு தோள் வேண்டுமாம்.

டீ வேளை முடிந்ததற்கு மணி அடித்தது. துளசிமணி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு டீ-சர்ட் வந்து விழுந்தது. விலாவில் குத்தியிருந்த சீட்டில் எந்த நாட்டின் பெயர் என்று அவள் பார்க்கவில்லை. இடது கையை வைத்தாள். வலது கையை வைத்தாள். நூலை வெட்டினாள், அடுத்ததை எடுத்தாள்.